உரிமம் இல்லாத குரல்: ரீயூனியன் தீவின் ஒரு டிவி நிலையமும் தர்மபுரிக் கேபிளும்

1991 பிப்ரவரி 24, ஞாயிற்றுக்கிழமை. அன்று அதிகாலையில்தான் அமெரிக்கக் கூட்டுப்படைகள் குவைத்தை மீட்கத் தரைப்போரைத் தொடங்கின. உலகத்தின் டிவி பெட்டிகள் எல்லாம் பாலைவனத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. அதே நாளில், மடகாஸ்கருக்குக் கிழக்கே இந்தியப் பெருங்கடலில் இருக்கும் ரீயூனியன் என்ற பிரெஞ்சுத் தீவில், அதிகாரிகள் ஒரு சின்ன டிவி நிலையத்தின் டிரான்ஸ்மிட்டர்களைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனார்கள். நிலையத்தின் பெயர் தெலே ஃப்ரீடோம். 1986-இல் இருந்து உரிமம் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. சட்டப்படி பார்த்தால் விஷயம் அவ்வளவுதான். அனுமதி இல்லை, சாமான் பறிமுதல்.

ஆனால் தலைநகர் சான் தெனியில், ஷோத்ரோன் என்ற குடியிருப்புப் பகுதி மக்கள் தெருவுக்கு வந்துவிட்டார்கள். கல்வீச்சு, கண்ணீர்ப்புகை, எரிந்த கார்கள், சூறையாடப்பட்ட கடைகள். கலவரத்தில் தீப்பிடித்து எரிந்த ஒரு கடையில் சிக்கி எட்டுப் பேர் இறந்துபோனார்கள்.

ஒரு டிவி நிலையத்துக்காகவா இவ்வளவும்? முதன்முதலில் இதைப் பற்றிப் படித்தபோது எனக்கு எழுந்த கேள்வி இதுதான். பத்து நிமிடம் கரண்ட் போனாலே சீரியல் போச்சே என்று புலம்பும் ஊரிலிருந்து வருகிறேன். ஆனாலும் டிவிக்காக உயிர் போகும் என்பதை நம்ப முடியவில்லை. மேலும் படிக்கப் படிக்க, அது டிவி பற்றிய சண்டையே இல்லை என்று தெரிந்தது. அதோடு, நான் வளர்ந்த தர்மபுரி மாவட்டத்தின் கேபிள் ஒயர்களையும் அந்தத் தீவின் கதையை வைத்துக்கொண்டு வேறு மாதிரி பார்க்க முடிந்தது.

முதலில் தீவைப் பார்த்துவிடலாம்.

ரீயூனியனின் பரப்பு சுமார் 2,500 சதுர கிலோமீட்டர். தர்மபுரி மாவட்டத்தில் பாதியைவிடக் கொஞ்சம் பெரியது. நடுவில் எரிமலை, சுற்றிலும் செங்குத்தான மலைகள், கரையோரம் கரும்பு. 1848 டிசம்பர் 20 அன்று அங்கே அடிமைமுறை ஒழிக்கப்பட்டது. சுமார் 60,000 பேர் விடுதலை ஆனார்கள். கரும்பு வெட்ட ஆள் வேண்டுமே? இந்தியாவில் இருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கப்பலில் ஏற்றினார்கள். 1860-இல் பிரிட்டனும் பிரான்ஸும் இதற்காகவே ஓர் ஒப்பந்தம் போட்டன. கூலிகள் நடத்தப்பட்ட விதத்தைப் பற்றிய புகார்கள் குவிந்து, 1882-இல் பிரிட்டிஷ் இந்திய அரசு அதை நிறுத்தியது. அதற்குள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் போய்விட்டார்கள். பெரும்பாலோர் தமிழர்கள். புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்கள் வழியாகப் போனவர்கள் ஏராளம். இன்று அவர்களின் வாரிசுகளைத் தீவில் 'மால்பார்' என்கிறார்கள். தீவின் மக்கள்தொகையில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு அவர்கள்.

மால்பார்கள் தமிழ் பேசுவதில்லை. பள்ளிக்கூடம் பிரெஞ்சு, தேவாலயம் பிரெஞ்சு, அலுவலகம் பிரெஞ்சு. வீட்டிலும் தெருவிலும் கிரியோல். பிரெஞ்சோடு மலகாசி, தமிழ் என்று பல மொழிகளின் சொற்கள் கலந்து தோட்டங்களில் உருவான பேச்சுமொழி அது. ஆனால் சாமி போகவில்லை. கோயில் இருக்கிறது, காவடி இருக்கிறது, தீமிதி இருக்கிறது. தீமிதிக்கான தெய்வம் 'பாண்டியாலே'. நம்முடைய திரௌபதிதான். 'நார்ல்கோன்' என்று ஓர் இரவுக்கூத்து இருக்கிறது. நாடகம் என்ற சொல்தான் அங்கே வாயில் புரண்டு அப்படி ஆகிவிட்டது. ஆடுகிறவர்களில் பலருக்குத் தாங்கள் பாடும் தமிழ் வரிகளின் அர்த்தம் தெரியாது. லத்தீன் எழுத்தில் எழுதிவைத்து, தாத்தா பாடிய மாதிரியே பாடுகிறார்கள்.

தர்மபுரிக்காரர்களுக்கு இது புரியும். எங்கள் பக்கம் பாரதக் கூத்து பல நாள் நடக்கும். துரியோதனன் படுகளத்துக்குப் பிறகு தீமிதி. அர்த்தம் தெரியாவிட்டாலும் விடாமல் பிடித்துக்கொள்கிற அளவுக்கு ஒரு கூட்டத்துக்குத் தன் குரல் முக்கியம் என்பதை நார்ல்கோன் காட்டுகிறது. இந்த இடத்தில் நின்றுகொண்டு தீவின் டிவி கதையைப் பார்க்க வேண்டும்.

1946-இல் ரீயூனியன் காலனி என்ற நிலையில் இருந்து மாறி பிரான்ஸின் ஒரு மாவட்டம் ஆனது. காகிதத்தில் பாரீஸும் சான் தெனியும் ஒன்று. நடப்பில் அப்படி இல்லை. குறைந்தபட்ச ஊதியம் தீவில் குறைவு. அது சமமானது 1996-இல்தான். 1988 டிசம்பரில் பிரான்ஸ் ஏழைகளுக்கான குறைந்தபட்ச வருமானத் திட்டம் கொண்டுவந்தபோதும், கடல்கடந்த மாவட்டங்களுக்கு அதில் 80 சதவீதம்தான் கொடுத்தார்கள். 1990 வாக்கில் தீவில் வேலை தேடியவர்களில் மூன்றில் ஒருவருக்கும் மேல் வேலை இல்லை. ஷோத்ரோன், அரசு கட்டிக்கொடுத்த அடுக்குமாடிகளும் வேலையில்லாத இளைஞர்களும் நிறைந்த பகுதி. பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்குக் கொப்பரை என்று பொருள்.

டிவி அங்கே 1964-இல் வந்தது. அரசு டிவி. பிரான்ஸில் தயாரான நிகழ்ச்சிகள் விமானத்தில் வரும், நாள்கழித்து ஓடும். பிரான்ஸின் முன்னாள் பிரதமர் மிஷேல் தெப்ரே 1963-இல் இருந்து 1988 வரை தீவின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தார். அவருடைய செல்வாக்கு ஓங்கியிருந்த காலத்தில், தீவின் பெரிய எதிர்க்கட்சியான கம்யூனிஸ்ட் கட்சியும் அதன் தலைவர் போல் வெர்ஜெஸும் டிவியில் தலைகாட்டுவது அபூர்வம். கிரியோலுக்கும் இடம் இல்லை. வீட்டில் அம்மா பேசுவதும் பெட்டியில் வாசிப்பாளர் பேசுவதும் வேறு வேறு மொழி. முதலாவது கொச்சை, இரண்டாவது மொழி என்று பிள்ளைகள் தாமாகவே கற்றுக்கொண்டார்கள்.

1981 மே மாதம் மித்தெரான் பிரான்ஸின் அதிபர் ஆனார். வானொலியில் அரசின் ஏகபோகம் உடையப்போகிறது என்ற பேச்சு எழுந்தது. சட்டம் வருவதற்கு முன்பே, அந்த வருடம் ஜூலை 14 அன்று, பிரான்ஸின் தேசியத் திருநாளில், ரீயூனியனில் ஒரு தனியார் வானொலி ஒலிக்கத் தொடங்கியது. ஆரம்பித்தவர் கமீல் சுட்ர் என்ற மருத்துவர். பெயர் ரேடியோ ஃப்ரீடோம். இதில் ஒரு சிலேடை இருக்கிறது. கடல்கடந்த மாவட்டம் என்பதற்கான பிரெஞ்சுச் சுருக்கம் 'டோம்'. ஆங்கிலத்தில் ஃப்ரீடம் என்றும் படிக்கலாம், விடுதலை பெற்ற 'டோம்' என்றும் படிக்கலாம்.

அந்த வானொலியின் வேலை எளிமையானது. போன் எடுத்து யார் வேண்டுமானாலும் பேசலாம். கிரியோலில் பேசலாம். தண்ணீர் வரவில்லை, நாய் காணவில்லை, எங்கள் ரோட்டில் விபத்து, மேயர் கண்டுகொள்ளவில்லை. எதையும் சொல்லலாம். தீவு முதல்முறையாகத் தன் பேச்சைத் தானே ஒலிபெருக்கியில் கேட்டது. பல வருடங்கள் ரீயூனியனில் மிக அதிகம் பேர் கேட்ட வானொலி அதுதான்.

1986-இல் அதே குழு டிவிக்கும் வந்தது. வானொலிக்குக் கிடைத்த சட்ட வாசல் டிவிக்கு இல்லை. சுட்ர் அதற்காகக் காத்திருக்கவில்லை. மலைகள் நிறைந்த தீவில் டிவி அலை நேர்க்கோட்டில்தான் போகும். மலை மறைத்தால் படம் கிடையாது. அதனால் உயரமான இடங்களில் டிரான்ஸ்மிட்டர் வைத்தாக வேண்டும். பொத்தாம்பொதுவாக எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி ஐந்து வருடம் உரிமம் இல்லாமல் ஒரு டிவி ஓடியது என்றால், அதிகாரிகளுக்கு அது தெரியாமல் ஓடவில்லை. தெரிந்தே விட்டிருந்தார்கள்.

இதனால்தான் 1991-இன் கோபம் அவ்வளவு பெரிதாக இருந்தது என்று நினைக்கிறேன். முதல் நாளே தடுத்திருந்தால் அது ஒரு சட்டப் பிரச்சினையாக முடிந்திருக்கும். ஐந்து வருடம் விட்டுவிட்டுப் பிடுங்கினால், பார்த்துப் பழகியவர்களுக்கு அது தங்களிடம் இருந்து பறித்ததாகத்தான் தெரியும்.

பிடுங்கியதற்கான காரணமும் பாரீஸில் இருந்து வந்தது. 1989-இல் பிரான்ஸில் ஒளிபரப்பை ஒழுங்குபடுத்த சி.எஸ்.ஏ. என்ற ஆணையம் உருவானது. அலைவரிசை பொதுச்சொத்து, அதைப் பயன்படுத்த ஆணையத்தின் உரிமம் வேண்டும் என்பது சட்டம். ரீயூனியனில் தனியார் டிவிக்கான விண்ணப்பங்களை ஆணையம் பரிசீலித்து இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்தது. ஒன்று அந்தேன் ரீயூனியன். இன்னொன்று கட்டண டிவியான கனால் ரீயூனியன். ஐந்து வருடமாக மக்கள் பார்த்துக்கொண்டிருந்த தெலே ஃப்ரீடோமுக்கு இல்லை. 9,000 கிலோமீட்டருக்கு அப்பால் ஓர் அறையில் எடுத்த முடிவு.

அதன் பிறகு நடந்தது பிப்ரவரி 24. அடுத்த மாதம் 18-ஆம் தேதி அந்தேன் ரீயூனியன் ஒளிபரப்பைத் தொடங்கியது. எட்டுப் பேரின் சாவுக்கும் புதிய, சட்டப்பூர்வமான டிவிக்கும் இடையில் மூன்று வாரம்தான் இடைவெளி. அந்த மார்ச்சிலேயே பிரதமர் மிஷேல் ரொக்கார் தீவுக்கு வந்தார். வரவேற்பு கசப்பாக இருந்தது. வேலை, வீடு, சம்பளம், சமத்துவம் என்று எல்லோரும் பேச ஆரம்பித்தார்கள். நாற்பத்தைந்து வருடமாகச் சொல்லிப் பார்த்தும் காதில் விழாத விஷயங்கள் கொப்பரை கொதித்த பிறகுதான் பாரீஸுக்குக் கேட்டன.

இங்கே கதையை முடித்தால் நல்ல கதை. எளிய மக்கள், அவர்களின் குரல், அதை நசுக்கிய அரசு. ஆனால் நடந்தது இன்னும் சிக்கலானது.

1992 மார்ச்சில் தீவின் பிராந்திய மன்றத் தேர்தல். சுட்ர் தன் நிலையத்தின் பெயரிலேயே அணி அமைத்துப் போட்டியிட்டார். 45 இடங்களில் 17-ஐப் பிடித்தார். கம்யூனிஸ்ட்களின் ஆதரவோடு மன்றத்தின் தலைவரானார். ஒரு வருடத்துக்கு முன்னால் டிரான்ஸ்மிட்டரைப் பறிகொடுத்த ஆள் இப்போது தீவின் முதல் நாற்காலியில். அந்த வருடம் அக்டோபரில் பிரான்ஸின் உச்ச நிர்வாக நீதிமன்றம் தேர்தலை ரத்து செய்தது. தன் சொந்த நிலையத்தைப் பிரச்சாரக் கருவியாகப் பயன்படுத்தினார், அது மற்ற வேட்பாளர்களுக்குச் சமமான களத்தைத் தரவில்லை என்பது காரணம். 1993-இல் மறுதேர்தல் நடந்தபோது அணிக்கு அவருடைய மனைவி மார்ஜி சுட்ர் தலைமை தாங்கினார். ஜெயித்தார். 1998 வரை பிராந்தியத் தலைவர், நடுவில் பாரீஸில் பிரெஞ்சுமொழி நாடுகளுக்கான இணையமைச்சர்.

டிவியில் இருந்து ஆட்சிக்கு. தமிழ்நாட்டில் இருந்து படிக்கிறவர்களுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை.

சுட்ர் தீவில் பிறந்தவரும் இல்லை. பிரான்ஸில் இருந்து வந்த வெள்ளைக்காரர். அப்படி வந்தவர்களைத் தீவில் 'ஸொரேய்' என்பார்கள். காது என்ற பொருள் தரும் சொல். கிரியோல் மக்களின் குரலுக்கு ஒலிபெருக்கி பிடித்தவர் ஒரு ஸொரேய். இதை வைத்து அந்த நிலையமே ஏமாற்று என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒலிபெருக்கி யாருடையது என்பது ஒரு கேள்வி. அதில் பேசியவர்கள் யார் என்பது இன்னொரு கேள்வி. இரண்டையும் தனித்தனியாகத்தான் கேட்க வேண்டும்.

இப்போது தர்மபுரிக்கு வருகிறேன். ஷோத்ரோன் எரிந்த அதே மாதங்களில் எங்கள் பக்கமும் சட்டமில்லாத டிவி முளைத்துக்கொண்டிருந்தது.

அன்றைய தர்மபுரி மாவட்டம் பெரியது. 2004-இல்தான் கிருஷ்ணகிரி பிரிந்தது. ஓசூரில் ஆண்டெனாவைப் பெங்களூர்ப் பக்கம் திருப்பினால் கன்னடம் வரும். தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் ஒரே சந்தையில் புழங்கும் எல்லைப்பகுதி இது. சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. ஆனால் சென்னைக் கோபுரத்தின் அலை சென்னையைச் சுற்றித்தான். 1983-இல் இன்சாட் 1பி செயற்கைக்கோள் மேலே போனது. 1984-இல் ஏறக்குறைய ஒரு நாளைக்கு ஒன்று என்ற வேகத்தில் நாடு முழுக்கக் குறைந்த சக்தி டிரான்ஸ்மிட்டர்களை அரசு நிறுவியது. பெருமையான சாதனைதான். ஆனால் அந்த நிலையங்கள் சொந்தமாக எதையும் தயாரிக்கவில்லை. மேலே இருந்து வந்ததை வாங்கிக் கீழே பரப்பின. டெல்லி பேசும், சின்ன ஊர்கள் கேட்கும். திரும்பிப் பேச வழி இல்லை. அதிலும் டெல்லி பேசியது இந்தி.

இந்த இடைவெளியில் வந்ததுதான் டெக். கல்யாணம், திருவிழா என்றால் வீடியோ டெக்கும் டிவியும் வாடகைக்கு எடுத்து ராத்திரி முழுக்க நாலு படம் ஓட்டுவார்கள். பிறகு யாருக்கோ புத்தி வந்தது. டெக்கை ஏன் வீடு வீடாகத் தூக்க வேண்டும்? ஓர் இடத்தில் வைத்து, அங்கிருந்து ஒயர் இழுத்தால் போதுமே! மரத்துக்கு மரம், மாடிக்கு மாடி ஒயர் போனது. 1991-இல் வளைகுடாப் போரை சி.என்.என். நேரடியாகக் காட்ட, டிஷ் ஆண்டெனா மோகம் பெருநகரங்களில் பிடித்தது. அடுத்து ஸ்டார் டிவி, 1993 ஏப்ரல் 14 அன்று சன் டிவி. எங்கள் ஊர்களில் டெக் ஒயர்களே டிஷ் ஒயர்களாக மாறின.

இது எதற்கும் சட்டம் இல்லை. இருந்தது 1885-ஆம் வருடத்துத் தந்திச் சட்டம். 1993-இல் ராஜஸ்தான் உயர்நீதிமன்றம் கேபிளும் அந்தச் சட்டத்தின் 'தந்தி'க்குள் அடங்கும், உரிமம் வேண்டும் என்றது. அதாவது அன்று நாடு முழுக்க ஓடிய கேபிள்களில் பெரும்பாலானவை தெலே ஃப்ரீடோமின் சொந்தக்காரர்கள்தான். ஓட்டிய படங்களுக்கு உரிமை வாங்கினார்களா என்றெல்லாம் அந்தக் காலத்தில் யாரும் கேட்கவில்லை.

நான் விவரம் தெரிந்து பார்த்தது இரண்டாயிரத்துக்குப் பிறகான லோக்கல் சேனல். மத்தியானம் பாட்டு, சாயங்காலம் விளம்பரம், ராத்திரி படம். திரைக்குக் கீழே எழுத்து ஓடிக்கொண்டே இருக்கும். காதணி விழா, புதுமனை புகுவிழா, கண்ணீர் அஞ்சலி. ஜவுளிக்கடை ஆடித் தள்ளுபடி. காணவில்லை என்று ஒரு தாத்தாவின் போட்டோ. மாரியம்மன் திருவிழா நேரடி ஒளிபரப்பு. கூத்து நடந்தால் விடிய விடிய ஒரே கேமராவில் முழுக் கூத்து. கேமரா ஆடும், சத்தம் கரகரக்கும். ஆனால் வீட்டில் கூப்பாடு போடுவோம். "ஏய், நம்ம தெரு வருதுடா!" "அது மாமா நிக்கிறாருல்ல?" கோடி ரூபாய்க்கு எடுத்த சினிமாவில் வராத பரபரப்பு அதில் இருந்தது. தக்காளிச் சந்தை விலையைத் தன் பேச்சில் ஒருத்தர் சொல்வதைக் கேட்டபோதுதான், எங்கள் பேச்சையும் டிவியில் பேசலாம் என்று எனக்குத் தெரிந்தது. சினிமாவில் எங்கள் பக்கத்துப் பேச்சு அதுவரை காமெடிக்கு மட்டும்தான் வந்திருந்தது.

இதைத்தான் ரீயூனியனில் கிரியோல் கேட்டவர்கள் உணர்ந்திருப்பார்கள். உரிமம் இருக்கிறதா இல்லையா என்பது பார்ப்பவர்களுக்கு ஒரு பொருட்டே இல்லை.

எங்களிடம் யாரும் டிரான்ஸ்மிட்டரைப் பிடுங்கவில்லை. முடிவு வேறு வழியில் வந்தது. 1995-இல் கேபிள் டிவி சட்டம் நிறைவேறியது. தலைமைத் தபால் நிலையத்தில் பதிவு செய்துகொண்டால் கேபிள் நடத்தலாம். தபால்காரர் வீட்டுக்கு வருவது போல எளிமையான ஏற்பாடு. அதே சட்டத்தில், விதியை மீறினால் சாமானைப் பறிமுதல் செய்யும் அதிகாரமும் இருந்தது. அதே வருடம் பிப்ரவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு கிரிக்கெட் ஒளிபரப்பு வழக்கில் முக்கியமான தீர்ப்பு சொன்னது. அலைவரிசை பொதுச்சொத்து. அரசின் ஏகபோகம் அல்ல. குடிமக்களின் பேச்சுரிமைக்காக அதை ஒரு சுதந்திரமான பொது அமைப்பு ஒழுங்குபடுத்த வேண்டும்.

அலைவரிசை பொதுச்சொத்து. இந்த ஒரே வாசகத்தை இரண்டு நாடுகள் எப்படிப் பயன்படுத்தின என்று பாருங்கள். பிரான்ஸ் அதைச் சொல்லி ஒரு நிலையத்தை நிறுத்தியது. இந்தியா அதைச் சொல்லி ஏகபோகத்தை உடைத்தது. கேட்கும்போது நம் பக்கம்தான் மேல் என்று தோன்றும். ஆனால் தீர்ப்பு வந்து முப்பது வருடம் ஆகிறது. கோபுரம் நட்டு வானில் டிவி ஒளிபரப்பும் உரிமை இன்றுவரை தூர்தர்ஷனைத் தவிர யாருக்கும் கிடையாது. சமுதாய வானொலிக்கு அனுமதி உண்டு. சொந்தமாகச் செய்தி சொல்ல அனுமதி இல்லை, ஆகாஷ்வாணியின் செய்தியைத்தான் மறு ஒலிபரப்பு செய்யலாம். தூர்தர்ஷனும் தன் பழைய அனலாக் டிரான்ஸ்மிட்டர்களில் பெரும்பாலானவற்றை 2022-க்குள் அணைத்துவிட்டது. எண்பதுகளில் அவ்வளவு வேகமாக நட்ட கோபுரங்களில் பலவற்றுக்கு இன்று டிவி வேலை இல்லை.

கேபிளின் கதியும் நமக்குத் தெரியும். முதலில் பெரிய நிறுவனங்கள் வந்தன. ஒயர் யார் கையில் இருக்கிறதோ அவர் கையில் சேனல் என்றானது. 2007-இல் ஆளுங்கட்சிக் குடும்பத்துக்குள் சண்டை வந்தபோது அரசு கேபிள் நிறுவனம் பிறந்தது. சமாதானம் ஆனதும் படுத்தது. ஆட்சி மாறியதும் 2011 செப்டம்பரில் மாதம் 70 ரூபாய்க்குத் திரும்ப எழுந்தது. 70 ரூபாய் எங்கள் மாவட்டத்தில் பெரிய நிம்மதி, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் இந்தச் சண்டை முழுவதும் எந்தச் சேனல் எந்த நம்பரில் வர வேண்டும் என்பதைப் பற்றியது. ஊரில் இருந்து எது மேலே போக வேண்டும் என்று யாரும் சண்டை போடவில்லை. பிறகு செட்டாப் பாக்ஸ் வந்தது. தெருமுனை அறையில் ஒருத்தர் ஒயரைச் செருகினால் சேனல் வரும் என்ற காலம் முடிந்தது. சிக்னல் எங்கோ பூட்டப்பட்டு வருகிறது, சாவி இங்கே இல்லை. லோக்கல் சேனல்கள் ஒவ்வொன்றாக மங்கின. கலவரம் இல்லை, சாவு இல்லை. யாரும் கவனிக்கவும் இல்லை.

இங்கே ஒரு சங்கடமான கேள்வியைத் தாண்டிப் போக முடியாது. 'ஊரின் குரல்' என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். எந்த ஊர்? தர்மபுரி மாவட்டத்தில் ஊர் என்று சொன்னால் அதில் காலனி சேராது. 2012 நவம்பர் 7 அன்று, ஒரு சாதி மறுப்புத் திருமணத்தைத் தொடர்ந்து, நாயக்கன்கொட்டாய் அருகே நத்தம் காலனியும் அண்ணா நகரும் கொண்டம்பட்டியும் எரிக்கப்பட்டன. 200-க்கும் மேற்பட்ட தலித் வீடுகள். எரித்தவர்களும் உள்ளூர்தான், எரிந்தவர்களும் உள்ளூர்தான். நான் ஆசையாகப் பார்த்த லோக்கல் சேனலின் நினைவில், ஊர்த் திருவிழா தேர் எத்தனையோ முறை இருக்கிறது. காலனித் திருவிழா ஒருமுறை வந்ததாகக்கூட என்னால் நினைவுகூர முடியவில்லை. கேமரா தேர் போகிற தெருவில்தான் போகும். தேர் எந்தத் தெருவுக்குள் போகாது என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

ஆக, உள்ளூர் என்பதாலேயே ஒரு நிலையம் நல்லது ஆகிவிடாது. ஒயர் யார் வீட்டில் இருந்து கிளம்புகிறது என்பதைப் பொறுத்து அது பேசும். ரீயூனியனில் அது ஒரு மருத்துவரின் தேர்தல் மேடையானது. இங்கே அது தெருவின் படிநிலையை அப்படியே திரையில் ஏற்றியது. பிரெஞ்சு நீதிமன்றம் 1992-இல் சொன்னதில் நியாயம் இருக்கிறது. குரல்பெட்டியை வைத்திருக்கிறவரே வேட்பாளராகவும் இருந்தால் மற்றவர்கள் பேச்சு எடுபடாது.

ஆனால் அந்த நியாயத்தில் இருந்து கிடைக்க வேண்டிய விடை, இன்னும் நாலு பேருக்குப் பேச இடம் கொடுப்பது. அதிகாரிகளின் விடை எப்போதும் பெட்டியை எடுத்துக்கொண்டு போவதாக இருக்கிறது. சுட்ரின் நிலையத்தில் குறை இருந்தால், ஷோத்ரோன் இளைஞர்கள் தாங்களே நடத்தும் இன்னொன்றுக்கு உரிமம் கொடுத்திருக்கலாம். லோக்கல் சேனலில் காலனி வரவில்லை என்றால், காலனி தன் சேனலை நடத்த ஒரு வழி வைத்திருக்கலாம். தலைமைத் தபால் நிலையத்தில் பதிவு செய்தால் போதும் என்று ஒருகாலத்தில் சட்டமே சொன்னது. அந்த அளவுக்குச் சின்ன வாசல் சாத்தியம்தான்.

இப்போது யூடியூப் இருக்கிறதே, லைசென்ஸ் இல்லாமல் யாரும் பேசலாமே என்று கேட்பீர்கள். உண்மைதான். காலனியில் இருந்தும் கேமரா கிளம்பிவிட்டது, அதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் எங்கள் ஊர்க் கூத்தை இன்று எனக்குக் காட்டுவதா வேண்டாமா என்று முடிவு செய்வது ஊரில் யாருமே இல்லை. டெல்லிக்கும் பாரீஸுக்கும் பதிலாகக் கலிபோர்னியாவில் ஒரு கணக்கீடு முடிவு செய்கிறது. பக்கத்து வீட்டுச் சாவுச் செய்தி எனக்கு வருவதற்குள், வேறு நாட்டுச் சண்டை பத்து வந்துவிடுகிறது. பேச இடம் கிடைத்திருக்கிறது. ஒரே நேரத்தில் ஒரு ஊரே உட்கார்ந்து கேட்பது போய்விட்டது.

தெலே ஃப்ரீடோம் இன்று இல்லை. ரேடியோ ஃப்ரீடோமில் இன்னும் போன் அடித்துக்கொண்டிருக்கிறது. அன்று உரிமம் வாங்கித் தொடங்கிய அந்தேன் ரீயூனியன் தீவின் பெரிய டிவிகளில் ஒன்றாகிவிட்டது. கிரியோலைக் கொச்சை என்று தள்ளிய காலமும் மெல்ல மாறி, 2000-க்குப் பிறகு அது பள்ளிகளில் பாடமானது. பிரான்ஸின் அரசு ஆவணங்களில் 1991 பிப்ரவரி ஒரு பறிமுதலும் ஒரு கலவரமும். தீவின் நினைவில் அது எட்டு உயிர்கள். அவர்கள் எல்லோரும் டிவிக்காகத்தான் தெருவுக்கு வந்தார்கள் என்று நான் நம்பவில்லை. வேலை இல்லை, சம்பளம் சமம் இல்லை, பேசினால் கேட்க ஆள் இல்லை. மூன்றாவதுக்கு மட்டும் ஒரு சின்ன மருந்து கிடைத்திருந்தது. அதைத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொண்டு போனார்கள்.